இஸ்தான்புல்லிலிருந்து திரும்பி வந்தவருக்கு

மாமா, சென்ற மாதம் கோபியில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. துருக்கித் தொடர் ஒன்றைத் தமிழ்க் குரல் கொடுத்துப் போடுகிறார்கள். உங்களைப் பெற்ற அத்தை சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. கடலோரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அத்தை அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் பாலத்தில் நடந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இந்தப் பாலத்து மேல என்ற பையன் போயிருப்பானா?"

"போயிருப்பாருங் அத்தை. அந்தக் கரையிலதான் அவரு ஆபீஸ் இருந்துச்சு."

இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் நின்றேன்.

அன்றிலிருந்து மனதுக்குள் உங்களோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். எழுதினாலாவது அடங்குகிறதா என்று பார்க்கிறேன்.

உங்கள் அம்மா என் அப்பாவின் அக்கா. நான் தொட்டிலில் கிடந்தபோதே உங்களுக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். நீங்கள் துணித் தொழில் படித்துத் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தீர்கள். நான் கோவையில் கல்லூரி முடித்தேன். நிச்சயத்துக்கு நாள் பார்த்த பிறகு ஒரு சனிக்கிழமை காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு என்னை வரச் சொன்னீர்கள். டீ ஆறி ஆடை கட்டியது. பிறகு, "அம்மணி, இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றீர்கள்.

"உடம்புக்கு ஏதாச்சுங்களா மாமா?" என்று கேட்டேன்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தீர்கள். "உடம்பு நல்லாத்தான் இருக்குது. எனக்கு ஆம்பளைங்களைத்தான் புடிக்கும். வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்தே அப்படித்தான். உன்னையக் கட்டிக்கிட்டா ஊரு சும்மா இருக்கும். ஆனா நீ என்ன பண்ணுவே?"

'நீ என்ன பண்ணுவே' என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, மாமா. உங்களை எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது. வலித்ததும் அதனால்தான்.

எனக்கு விருப்பமில்லை என்று வீட்டில் நானே சொன்னேன். அப்பா அடித்தார். அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார். நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றீர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அந்த வருடமே கம்பெனி உங்களை இஸ்தான்புல்லுக்கு அனுப்பியது. பிறகு எனக்கும் கல்யாணமாகி, கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவீர்கள். பனி, பூனைகள், படகுகள் என்று கதை சொல்வீர்கள். ஒரு ஞாயிறு குரலே மாறியிருந்தது. கெரிம் என்ற பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். ஏற்றுமதிக்கு மாதிரி உடுப்பு தைத்துக் கொடுக்கும் இடத்தில் துணி வெட்டுகிறவர். உங்களுக்குத் துருக்கி மொழி சொல்லிக்கொடுத்தவர். நீங்கள் தப்பாகப் பேசினால் திருத்தாமல், அந்தத் தப்பையே தானும் சேர்த்துப் பேசுவாராம். அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

"அங்க பயமில்லீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"இங்க ஆம்பளையும் ஆம்பளையும் தோள்ல கை போட்டு நடப்பாங்க, கன்னத்துல முத்தம் குடுப்பாங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நம்மூராட்டத்தான். கெரிமோட அம்மா என்னைய மகனேன்னுதான் கூப்புடறாங்க. பேரு வெக்காத வரைக்கும் எல்லாரும் சொந்தம், அம்மணி."

பேர் வைத்த நாளும் வந்தது. கெரிமுக்குப் பெண் பார்த்தார்கள். அவர் மறுத்தார். ஏன் என்று கேட்ட அண்ணனிடம் ஏனென்று சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தபோது கெரிமும் அங்கே இருந்தார். உங்களை ஓர் அறை அறைந்ததோடு விட்டுவிட்டார்கள்; நீங்கள் அந்நியர். கெரிமைத்தான் தாடை உடையும் வரை அடித்தார்கள். பின்னாலேயே வந்த கெரிமின் அம்மா படிக்கட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணனை நிறுத்து என்று மட்டும் சொல்லவில்லை என்றீர்கள். கெரிமைத் தொலைவில் இருக்கும் அவர்கள் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய எண்ணுக்கு அதன் பிறகு இணைப்பே கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் உங்களைக் காலி செய்யச் சொன்னார்.

கோபிக்கு வந்து சேர்ந்தபோது உங்களுக்கும் சத்தியமங்கலத்தில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். இந்த முறை நீங்கள் யாரையும் கேட்கவில்லை. அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மறுவாரம், "குணமாக்கிப் போடலாம்னு சொல்றாங்க" என்று, ஊருக்கு வெளியே பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிகிச்சை விடுதிக்கு உங்களைக் கூட்டிப்போனார். அத்தைதான் துணிமணி எடுத்து வைத்தார். அங்கே நடந்ததை நீங்கள் முழுதாகச் சொன்னதில்லை. மாத்திரை, ஊசி, பூட்டிய அறை என்ற அளவில் நிறுத்திக்கொள்வீர்கள். வெளியே வந்தபோது டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு வீட்டில் தங்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் மாடியில் ஓர் அறை, பாக்கு மண்டியில் வேலை. ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று நான் சந்தோஷமாகக் கூப்பிட்டேன். "மாமா, இனிமே இது குத்தமில்லீங்களாம்!"

"துருக்கியிலயும் சட்டப்படி குத்தமில்லை, அம்மணி. கெரிமோட அண்ணன் சட்டத்தைக் கேட்டுட்டா வந்து அடிச்சான்?"

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்கு இருமல் பிடித்தது. டாக்டரிடம் போகச் சொன்னால் பேச்சை மாற்றுவீர்கள். நம் வீட்டுக்குக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாமா என்று இவரிடம் கேட்டேன். "வரட்டும், சாப்புடட்டும். தங்க வேண்டாம். பொண்ணு வளர்ற ஊடு" என்றார். இவர் கெட்டவர் இல்லை, மாமா. அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாய் நிற்பவர். அப்படிப்பட்டவர் சொன்னதால்தான் எனக்கு அன்று மனசு விட்டுப்போயிற்று.

நீங்கள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதாக மண்டி முதலாளி கூப்பிட்டுச் சொன்ன பிறகு, காரை எடுத்து வந்தவரும் இவர்தான். கோவை மருத்துவமனையில் சேர்த்தபோது நுரையீரல் இரண்டிலும் சளி கட்டிவிட்டது என்றார்கள். ஊசியோடு செவிலி வரும்போதெல்லாம், "இது என்ன மருந்துங்க? எதுக்குங்க?" என்று கேட்டீர்கள். மூச்சு வாங்க முடியாதபோதும் கேட்டீர்கள். அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள்.

"ஊருக்குக் கொண்டு வர வேண்டாம். ஒறம்பரை, சொந்தபந்தத்துக்குப் பதில் சொல்லி மாளாது" என்றார் உங்கள் அப்பா. கோவையிலேயே மின்மயானத்தில் முடித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கோபியில் அத்தைக்குச் சொன்னார்கள். பெற்றவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் உங்கள் அப்பாவும் போய்விட்டார். அவரை ஊர் முழுக்கக் கூடி எடுத்துப்போனது.

போன வாரம் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் அத்தைக்கு அடுத்த இலையில் நான். எதிர்ப் பந்தியிலிருந்து எனக்குப் பெரியப்பா முறையாகிற ஒருவர், "நம்ம பையனும் ஒரு கல்யாணத்தப் பண்ணியிருந்தா இருந்திருப்பான். வெளிநாடு போயி ஒடம்பக் கெடுத்துப்போட்டான்" என்றார்.

"அவரு ஒடம்பக் கெடுத்துக்கலீங்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அங்க அவருக்குப் பிரியமானவரு ஒருத்தரு இருந்தாரு. பேரு கெரிம். அவங்களைப் பிரிச்சாங்க. இங்க நாம அவரைய மருந்து குடுத்து மாத்தப் பாத்தோம். அதுக்கப்பறம் அவரு ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தாரு. அப்படித்தான் போனாரு."

ரசம் ஊற்ற வந்தவர் என் இலையைத் தாண்டிப் போனார். அத்தை பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார். திரும்பி வரும்போது காரில் இவர், "சோறு திங்கற எடத்துல பேசற பேச்சா அது?" என்றார்.

மறுநாள் காலையில் அத்தை போன் செய்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

"அந்தப் பையன் பேரு என்னன்னு சொன்னே? மறுக்காச் சொல்லு."

"கெரிமுங் அத்தை."

சொல்லிப் பார்த்தார். வரவில்லை. நான் திரும்பச் சொன்னேன். மெதுவாக, எழுத்துக் கூட்டுகிறவரைப் போலச் சொல்லி முடித்தார்.

"அவங்கூட இருந்தப்ப என்ற பையன் சந்தோசமா இருந்தானா, கண்ணு?"

"இருந்தாருங் அத்தை. நெம்பச் சந்தோசமா இருந்தாரு."

"அதைய அவன் இருக்கறப்பவே கேட்டிருக்கோணும்" என்றார். போனை வைத்துவிட்டார்.

கெரிம் எங்கே இருக்கிறாரோ தெரியாது, மாமா. நீங்கள் இல்லை என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் சொல்லிச் சிரித்த தப்புத் துருக்கி வார்த்தைகளில் ஒன்றை எனக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தீர்கள். 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம் என்றீர்கள். அந்தத் தப்போடு அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இப்போது இரண்டு பேர்தான். அவர் மறந்திருந்தால், நான் ஒருத்தி.