முதல் கையெழுத்து

ஜூன் 12, வியாழன்

அமீர்பேட்டில் நான் பாடம் எடுக்கும் கோச்சிங் சென்டர் தள்ளாடுகிறது. மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்யச் சம்மதம் என்று எழுதிய தாளை இன்று முதலாளி என்னிடம் நீட்டினார்.

"மேடம், சீனியர் நீங்க போட்டாத்தான் மத்தவங்களும் போடுவாங்க."

நல்ல மனிதர். கண் கலங்கியிருந்தது. மறுக்க வாய் வரவில்லை, போட்டுவிட்டேன்.

பெருக்கித் துடைக்கும் செல்வி அந்தத் தாளில் என் பெயரைத் தேடினாள். "அக்கா போட்டாச்சா? ஹவ், ஆமா, போட்டிருக்கீங்க. அப்ப சரியாத்தான் இருக்கும்." எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். மூன்று பிள்ளைகள், சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை நான் வேறு கம்பெனியில் சேருகிறேன். கையெழுத்துப் போடும்போதே ஆஃபர் லெட்டர் என் பைக்குள் இருந்தது.

சம்பளமில்லாத அந்த மூன்று மாதம் செல்விக்குத்தான்.