தம்பிக்கு எந்த வேலை

அன்புள்ள அய்யாவுக்கு, மஸ்கட்டிலிருந்து பிரிட்டோ எழுதுவது. உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

போன வாரம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து சறுக்கிவிட்டேன். காலில் மாவுக்கட்டு, அவ்வளவுதான்.

"புதுசா வந்தவகதான் நிறைய விழுகிறாக" என்றார் என் அறையில் இருக்கும் தேவிபட்டினம் அருள்முருகன் அண்ணன்.

"பழகுனவக?" என்று கேட்டேன்.

"அவகளும் விழுவாக. கொஞ்சம் பிந்தி."

தம்பி சகாயத்துக்கு இங்கே விசா கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவனைக் கடலுக்கு அனுப்புங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. விசைப்படகில் வலை இழுக்கும் விஞ்சுதானே உங்கள் விரல்களைக் கொண்டுபோனது. அவனுக்கு எந்த வேலையைச் சொல்வதென்று தெரியவில்லை.

பாம்பனிலிருந்து யாராவது வந்தால் இரண்டு கைலி கொடுத்துவிடுங்கள். கட்டுக்கு மேல் பேன்ட் ஏறவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கழிப்பறைக்கு என்னைத் தூக்கிப்போக அண்ணன் வந்துவிட்டார், நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்,
பிரிட்டோ