திறந்து வைத்த அலமாரி

ஜூலை 7, திங்கள்

மதியம் மூன்று மணிக்கு மேல் எங்கள் பள்ளிக்கூடம் கொஞ்சம் மிதக்கிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கடைசிப் பிரிவேளையில் நூலக அறை அலமாரிகளைத் திறந்து வைத்துவிடுவோம். யாரும் எதையும் எடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் படுத்துப் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். தலைமை ஆசிரியையாகக் கண்டனூருக்கு வந்த நாள் முதல் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கொள்கை இதுதான். கதவைத் திறந்து வைத்தால் போதும், பிள்ளை தானாக உள்ளே வரும்.

இன்று ஜன்னல் வெயில் தரைக்கல்லின் பூக்கள் மேல் விழுந்து, பிள்ளைகள் பூவுக்குள் படுத்திருந்தார்கள். நானும் கண்ணசந்துவிட்டேன். கனவில் புத்தகங்கள் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, தத்தமக்கான பிள்ளையைத் தேடிப் போயின. விழித்தால் தீபலட்சுமி டீச்சர் வாசலில் நின்று சிரிக்கிறாள். ஊருக்குள் எனக்கு நல்ல பேர்தான் வாங்கித் தருவாள்.

ஜூலை 16, புதன்

நான்காம் வகுப்பு சௌபர்ணிகா. இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். கடைசிப் பிரிவேளையில் சுவரை ஒட்டி உட்கார்ந்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் எழுந்து போய் எதையும் எடுத்ததில்லை. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதுகிறாள், வாசிக்கச் சொன்னால் வாய் திறப்பதில்லை.

எழுத்துக்கூட்டக்கூட வரவில்லை என்று தீபலட்சுமி சொன்னாள். அவள் கனவு காண்கிற பிள்ளை, அவளுக்கான நேரம் வரும் என்றேன். "நாலாப்பு வந்துட்டா. எப்ப டீச்சர் வரும்?" என்று கேட்டாள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மழை. எல்லாரும் ஜன்னலில். ஒரு வேலையும் நடக்கவில்லை, எனக்கு மனசு நிறைந்திருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

சௌபர்ணிகாவின் அம்மா அன்னக்கிளி வந்திருந்தாள். மேலத்தெருப் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்பவள். வீட்டுக்காரர்கள் சென்னையில், சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அத்தனை பெரிய வீட்டில் தாயும் மகளும் மட்டும், பின்கட்டு அறை ஒன்றில்.

டி.சி. வேண்டுமாம். டவுனில் ஹாஸ்டல் வைத்த பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டாள். "அங்குட்டு அடிச்சாவது படிக்க வச்சிருவாகளாம் டீச்சர். நீங்க நல்லவுகதான். ஆனா எம்புள்ளைக்குப் படிக்கத் தெரியலையே."

அரைப்பரீட்சை வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடிச்சாவதாம். அந்தப் புள்ளைய ஒருத்தன் கம்ப எடுத்துக்கிட்டு... ஆனால் நான் மட்டும் என்ன கிழித்துவிட்டேன்? காத்திருப்பதும் ஒரு பாடம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினேன். இதுவே சோம்பேறித்தனமாக இருந்தால்? கொள்கையின் மேல் வைத்த ஆசையில் பிள்ளையை விட்டுவிட்டேனா?

செப்டம்பர் 12, வெள்ளி

பள்ளி விட்டதும் அந்தப் பெரிய வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. வாசல் கதவு, அதற்கடுத்த கதவு, அதற்கும் அடுத்தது என்று வரிசையாகத் திறந்து கிடந்தன. தெருவில் நின்றாலே கடைசிக் கட்டின் வெளிச்சம் தெரிந்தது. வளவு முற்றத்தில் வெயில் மஞ்சளாக இறங்கி, தூண்கள் எல்லாம் தூங்குவது மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரமோ.

பிறகுதான் உறைத்தது, நான் ஏன் இன்னும் முகப்பிலேயே நிற்கிறேன் என்று. கதவு திறந்துதான் இருக்கிறது. யாரும் தடுக்கவில்லை. ஆனால் கால் எழவில்லை.

உள்ளே சௌபர்ணிகா தண்ணீர்ச் செம்போடு போனாள். முற்றத்தைக் குறுக்கே கடக்காமல், சுவரை ஒட்டியே சுற்றிப் போனாள். வழியில் ஒரு நாற்காலி. பாவாடை அதில் பட்டுவிடாமல் ஒதுக்கிக்கொண்டாள்.

அன்னக்கிளி பார்த்துவிட்டாள். "ஏன் டீச்சர் அங்குட்டே நிக்கிறீக? உள்ள வாங்க." அப்புறம்தான் கால் நகர்ந்தது.

மகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். "பொறந்ததுல இருந்து இந்த வீட்டுல ஒரு சாமானத் தொட்டதில்ல. வீட்டுக்கார ஆச்சி வந்து எடுத்துக்கன்னு கையில குடுத்தாத்தான் வாங்குவா." இப்படி இருந்ததால்தான் நாலு தலைமுறையாக இந்த வீட்டுச் சாவி அவர்கள் குடும்பத்தில் இருக்கிறதாம்.

அவள் கொடுத்த காபி ஆறிவிட்டது. நான் குடிக்கவில்லை.

சௌபர்ணிகாவுக்குத் திறந்த கதவென்றால் காற்றோட்டத்துக்குத் திறந்தது. வேறு யாருடையதோ. இரண்டு வருஷமா நான் அவளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். அவ நான் கூப்பிடுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா. கனவு காண்கிறாள் என்று நான் கனவு கண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இது உனக்கு. எடுத்துக்க." இரண்டு கையாலும் வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். யானை என்ற சொல்லுக்கே பாதிப் பிரிவேளை போனது. அவள் விரல் எழுத்தின் மேல் ஊர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

காலையில் அரை மணி நேரம் தீபலட்சுமி எடுத்துக்கொள்கிறாளாம். தானே கேட்டாள். குத்திக்காட்டவில்லை, அதற்காகவே அவளை மன்னித்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

எழுத்துக்கூட்டி ஒரு முழுப் பக்கம் வாசித்தாள். குரல் இத்தனை கனமாக இருக்குமென்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் இன்னும் நான் கொடுத்தால்தான் வாங்குகிறாள். கொடுக்காவிட்டால் சுவர்தான். இப்படியே போனால் வாசிக்கத் தெரிந்த பிள்ளையாக ஆகிவிடுவாள், சரி. அது மட்டும் போதுமா எனக்கு?

நேற்றுக் கனவில் அந்தப் பெரிய வீடு முழுக்கத் தண்ணீர். பிள்ளைகள் கதவு கதவாக நீந்திக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 5, புதன்

இன்று வேண்டுமென்றே கூப்பிடவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. நாளைக்குக் கூப்பிடுவேன்.

டிசம்பர் 3, புதன்

திமிங்கிலப் படப்புத்தகத்தைக் காணோம் என்று காலையில் தீபலட்சுமி சொன்னாள். எங்கேயாவது கிடக்கும் என்று விட்டுவிட்டேன்.

பத்து மணி வாக்கில் அன்னக்கிளி மகளின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என் மேசைப் பக்கம் நீட்டினாள். பிள்ளையின் துணிகளுக்கு அடியில் இருந்ததாம். முகம் வெளிறிக் கிடந்தது. "எங்க வீட்டுல ஒருத்தரும் கை நீட்டுனதில்ல டீச்சர். வெளிய தெரிஞ்சா அந்த வீட்டுல எங்களை வச்சிருப்பாகளா? இன்னைக்கே டி.சி. குடுத்துருங்க."

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. அவசரமாக ஒரு பொய் சொன்னேன். "நான்தான் குடுத்தேன் அன்னக்கிளி."

"இல்லம்மா," என்றாள் சௌபர்ணிகா. அவள் என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத்தான் பார்த்தாள். "நானாத்தான் எடுத்தேன். பள்ளிக்கூடத்துலதானே எடுத்தேன். இன்னும் முடிக்கல."

எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் தோன்றவில்லை. இங்கே இருப்பதெல்லாம் அவளுடையது, அவள் எடுக்கத்தான் வைத்திருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னேன்.

அன்னக்கிளி மகளைப் பார்த்தாள். "இம்புட்டையுமா படிச்ச?" என்று கேட்டாள். பாதி ஆயிருச்சு என்றாள் பிள்ளை.

என் பக்கம் நீட்டியிருந்த கையை அன்னக்கிளி திருப்பினாள். புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்லிக் கிளம்பிப் போனாள்.