மூன்று மாத ஊசியும் மாமி எண்ணிய நோன்பும்

மார்ச் 10, செவ்வாய். நோன்பு 20

வெயில் இப்போதே கொளுத்துகிறது. பெருநாள் ஜாக்கெட் நான்கு தைத்தாயிற்று. இரண்டு பாக்கி. ஊக்கு வாங்க வேண்டும்.

மூன்றரைக்கு மூலக்குளத்தில் அக்குபஞ்சர் ஊசி வைத்தியம். குழந்தைக்காக ஆரம்பித்து இது மூன்றாவது மாதம். நோன்பு என்பதால் குறைத்து ஆறு ஊசிதான்: கணுக்கால், முழங்காலுக்குக் கீழே, காதில் ஒன்று. எறும்புக் கடி மாதிரி சுருக், அப்புறம் காலெல்லாம் கனம். (நோன்போடு போகலாமா என்று என் வீட்டுக்காரர் சலீம் பள்ளிவாசலில் கேட்டு வந்தார். மருந்து ஏற்றாத ஊசி, பரவாயில்லை என்றார்களாம்.)

டாக்டரம்மா நாள் கணக்கு கேட்டார். "இந்த மாசம் எப்பம்மா வந்துச்சு?"

"போன செவ்வாய்."

"சரி. நான் உறுதி சொல்றவ இல்ல, தெரியுமில்ல? ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்தாத."

அந்த நேர்மைக்காகவே போகிறேன். உண்மை சொல்வதும் அங்கே மட்டும்தான். வீட்டில் சொல்லவில்லை. சொல்லவே வேண்டாம், விலக்கு நாட்களில் தொழுகையும் நோன்பும் கிடையாது; தொழுகைப் பாயை எடுக்காவிட்டால் போதும், சலீமின் அம்மா, என் மாமிக்குச் சேதி போய்விடும். பதினோரு வருடமாக மாதாமாதம் அந்த முகம் வாடுவதைப் பார்த்தாகிவிட்டது. இந்த வைத்தியத்தை விசாரித்து அனுப்பியதே மாமிதான். அதனால் அந்த ஐந்து நாளும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தேன், பாயை விரித்தேன். தொழவில்லை, நோன்பும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்.

மார்ச் 13, வெள்ளி. நோன்பு 23

மறுபடி மூலக்குளம். ஊசியோடு அரை மணி நேரம் அசையக் கூடாது, போனும் கிடையாது. பழசெல்லாம் அப்போதுதான் வருகிறது.

கல்யாணமாகி முதல் நோன்பு. எனக்கு நோன்பு இல்லாத நாட்களில் மாமி முட்டை பொரித்துக் கொடுத்து, அடுப்படி வாசலில் காவல் நிற்பார். "மாமா வர்றாரு, சீக்கிரம் முழுங்குடி!" வாயில் சோற்றோடு நான் சிரிக்க, முந்தானையைக் கடித்துக்கொண்டு அவரும் சிரிக்க. அப்போது மாதம் வந்தால் அது வெறும் மாதம். யாரும் அழவில்லை.

அந்தப் பெருநாளுக்கு மறுநாள் நோணாங்குப்பத்தில் படகு ஏறினோம். "கொஞ்சம் தள்ளி உக்காரு, நடுவுல ஒரு ஆளு வரும்" என்றார் சலீம். தோளில் ஒன்று போட்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

ஊக்கு வாங்க மறந்தேன்.

மார்ச் 14, சனி. நோன்பு 24

மாமி என்னைத் தண்ணீர் கேன் தூக்க விடவில்லை. தையல் மெஷினையும் மிதிக்கக் கூடாதாம். "பொறவு தச்சிக்கலாம், உக்காரு." காலையிலிருந்து தனக்குள்ளே சிரிப்பு வேறு.

நோன்பு திறந்த பிறகு, காரைக்காலில் இருக்கும் தங்கையிடம் மாமி போனில் குசுகுசு.

"இந்த தபா ஒரு நோன்பும் உடலடி. இருவத்தி நாலும் புடிச்சிருக்கா. நான் கேக்கல, கண்ணு பட்டுடும். ஊசி வேல செஞ்சிடுச்சுடி!"

கஞ்சியை மேலே கொட்டிக்கொண்டேன். யா அல்லாஹ், என்ன காரியம் செய்து வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு. நோன்பு 25

கடையிலிருந்து வந்த சலீமிடம் சொன்னேன். திட்டவில்லை. "அம்மாகிட்ட நான் சொல்லட்டா?" வேண்டாம், பொய் என்னுடையது.

பகலெல்லாம் மாமி பின்னாலேயே சுற்றினேன். சொல்லவில்லை. சாயந்திரம் மாங்காய் வாங்கி வந்தார், நான் கேட்காமலே.

மார்ச் 17, செவ்வாய். நோன்பு 27

மூலக்குளம் போகவில்லை. மாமியிடம் சொல்லிவிட்டேன்.

மாமி புதினா ஆய்ந்துகொண்டிருந்தார். "மாமி, அஞ்சு நாளு நான் நோன்பில்ல. பொய்யா பாய் போட்டேன்."

கை நின்றது. "எந்த அஞ்சு நாளு?"

"பதிமூணுலேர்ந்து."

விரல் விட்டு எண்ணினார். பிறகு புதினாவைக் காம்போடு அள்ளிச் சட்டியில் போட்டார்.

"பகல்ல ஒன்னும் திங்காமயா கெடந்த?"

"ரூம்ல தண்ணி குடிச்சேன்."

"என்னப் பாத்தா அவ்ளோ பயமாடி ஒனக்கு?"

பயமில்லை மாமி. நம்பிக்கை இருக்கிற நாட்களில் உங்கள் முகம் பழைய மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். இதைச் சொல்லியிருக்கலாம். அழத்தான் முடிந்தது.

என் எதிரிலேயே காரைக்காலுக்குப் போன் போட்டார்.

"நான்தான்டி தப்பா கணக்குப் போட்டுட்டேன். அவ வாயத் தொறந்து ஒன்னும் சொல்லல. அவகிட்ட யாரும் கேக்கக் கூடாது, ஆமா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, மாமியின் குரல் ஏறியது.

"என் வூட்ல புள்ள இல்லன்னு எவ சொன்னது? ரெண்டு இருக்குதுடி. ஒன்னு கடைல இருக்கு. ஒன்னு எதிர்ல குந்திக்கினு அழுவுது. வையி போன."