எனக்காக நீ கேட்ட கேள்விகள்

இன்று காலை ஆஸ்பத்திரிப் பையில் பழைய பருத்தி நைட்டிகளை மடித்து வைத்தேன். டெட்டால் வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. இரண்டாவது பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள். பையை மூன்று முறை பிரித்துக் கட்டியாயிற்று. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

முதல் பிரசவத்தின்போது ஓசூரில் நாம் ஒரே கம்பெனியில், ஒரே உற்பத்தி லைனில் வேலை பார்த்தோம். நான் விருதுநகர்ப் பக்கம். நீ வீட்டில் தெலுங்கு பேசும் பாகலூர்க்காரி. இருவருக்கும் ஒரே மாதக் கணக்கு. கம்பெனி பஸ்ஸில் உன் காதில் மட்டும் சொன்னேன்: “முக்கும்போது வெளிக்கு வந்துட்டா என்னடி பண்றது? எல்லாரும் பாப்பாங்களே.”

நீ சிரிக்கவில்லை. “டாக்டரம்மாவையே கேட்டுடலாம் வா.”

டாக்டரிடம் போனதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன்னுடைய சந்தேகம் போல நீ கேட்டாய். “நிறைய பேருக்கு ஆகும்மா. தொடச்சுட்டு நாங்க எங்க வேலையப் பாப்போம். நீ அடக்காத, அதான் முக்கியம்” என்றார் டாக்டர். தும்மினால் சிறுநீர் கசிவதையும் கேட்டாய். அதுவும் என் தொல்லைதான். வரிசையில் இருந்த பெண்கள் உன்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பிரசவ அறையில் நான் பயந்ததேதான் நடந்தது. முதலில் அடக்கினேன். ‘அடக்காத’ என்றது ஞாபகம் வர, விட்டுவிட்டேன். நர்ஸ் துடைத்துவிட்டுத் துணியை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் மகள் அழுதாள். அடுத்த வாரம் உனக்குப் பையன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு நீ அடிக்கடி மார்பை அழுத்திக்கொள்வாய். “பால் கட்டிக்கிச்சுப்பா, போயிடும்” என்றாய். நம்பினேன். பெங்களூருக்கு உன்னை அழைத்துப் போனபோது புற்றுநோய்க் கட்டி முற்றியிருந்தது.

“ஏன்டி முன்னாடியே காட்டல?”

“ஸ்கேன் எடுக்கறவரு ஆம்பளையாம். கூச்சமா இருந்துச்சு.” சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

உனக்கா கூச்சம்? இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

நீ கண்மூடிய பிறகு என் கேள்விகளை நானே கேட்கிறேன். நேற்றுகூட மூலத்தைப் பற்றி, தையலைப் பற்றி, டாக்டர் சலிக்கும்வரை கேட்டேன். ஆனால் அத்தனை மாதம் பஸ்ஸில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேனே, உனக்கு என்ன பயம் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.