முந்தானையில் பேருக்குப் பதில் கட்டம்

இன்று காலை உன் தங்கச்சி புதுக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "இன்னாண்ணா இது? என் பேரு அடிச்சா கட்டம் கட்டமா வருது?"

திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம். அவளுடைய கல்யாணப் புடவை. முந்தானை டிசைன் இன்று சாயங்காலத்துக்குள் தறிக்குப் போயாக வேண்டும். மாப்பிள்ளை பேரும் தன் பேரும் ஜரிகையில் வர வேண்டும் என்று அவள் கேட்டதும், நீ சரி என்றதும் எனக்குத் தெரியும். நீ எங்களையெல்லாம் விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ இல்லாத கல்யாணத்தில் நீ செய்ய வேண்டியதில் ஒன்றாவது ஒழுங்காக நடக்க வேண்டாமா?

நான் சிரித்தது அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான். நம்முடைய முதல் ஆர்டரிலேயே வந்த கட்டங்கள். நாம் சேர்ந்து எழுதிய, முந்தானைக்கு டிசைன் போடும் புரோகிராமில், உன் கம்ப்யூட்டரில் பேர்கள் முத்து முத்தாக வந்தன. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக்கார மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்துவிட்டோம். மறுநாள் போனால், பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஜரிகையில் வரிசையாகக் கட்டம் நெய்து வைத்திருக்கிறார் மனுஷன்.

"உங்க டிசைன்ல இருந்ததத்தான்பா நெய்தேன். பசங்க ஏதோ புது ஃபேஷன் புடிச்சிருக்கானுங்கன்னு நெனச்சேன். நல்லாத்தான இருக்குது?"

நீ முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாய்: "சூப்பரா இருக்குது மாமா. இதுல பொண்ணு எது, மாப்ள எதுன்னுதான் தெரியல."

அவர் சிரித்துக்கொண்டே நெய்ததைப் பிரிக்க உட்கார்ந்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

எழுத்தை வரைவதற்கு யாரோ முன்பே எழுதிவைத்த லைப்ரரி என்ற துணைப் புரோகிராம் ஒன்றை நம் புரோகிராமோடு சேர்த்துக் கொடுத்திருந்தோம். எழுத்துருக்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் கன்ஃபிக் ஃபைல் கிடைக்காவிட்டால் அதற்குத் தமிழ் தெரியாது. எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். நான் அந்த ஃபைலைத் திருத்தினேன், மறுபடி திருத்தினேன், மேசையைத் தட்டினேன். கட்டம் அசையவில்லை.

"டேய், நீ எழுதுனதெல்லாம் சரிதான். அது இங்க வந்து படிச்சாத்தான?" என்று என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாய். புரோகிராம் எந்தெந்த ஃபைலைத் திறக்கப் பார்க்கிறது என்று காட்டும் கருவியை ஓடவிட்டாய். முதலில், நாம் ஏதாவது இடம் சொல்லியிருக்கிறோமா என்று பார்த்தது. சொல்லவில்லை. அடுத்து, அந்த லைப்ரரியை உருவாக்கியபோது அதற்குள்ளேயே பதிந்துபோன இடத்துக்குப் போனது. அது உன் கம்ப்யூட்டரில், உன் பேரில் இருந்த ஃபோல்டர். மாமா வீட்டில் அதற்கு எங்கே போவது? புரோகிராமுக்குப் பக்கத்திலேயே நாம் வைத்திருந்த ஃபைலை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாருடா, காமாட்சி கோயில்ல நின்னுக்கினு வரதராஜரைத் தேடுது" என்றாய்.

'உன் பக்கத்திலேயே பார்' என்று சொல்லிவிட்டு அப்புறம் புரோகிராமைத் திறக்கிற மாதிரி ஒரு சின்னத் தொடக்க ஃபைல் எழுதினாய். பேர் வந்தது. இப்போதெல்லாம் யாராவது போன் செய்து கத்தினால், பதிலுக்குக் கத்துவதற்கு முன் "அது எங்க தேடுதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்கிறேன். சத்தியமாக.

இன்று உன் தங்கச்சி அந்தத் தொடக்க ஃபைலை விட்டுவிட்டுப் புரோகிராமையே நேராகத் திறந்திருக்கிறாள். கட்டம் வராமல் என்ன செய்யும்? நீ எழுதியதைத் திறக்கச் சொன்னேன். பேர் வந்த உடனே, "என் பேரு ஏன் ரெண்டாவது? முன்னாடி போடுண்ணா" என்றாள். போட்டேன். 'உன் பக்கத்திலேயே பார்' என்ற உன் வரியைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்தும்விட்டேன். இனி எதை அழுத்தினாலும் பேர்தான்.

டிசைனை அனுப்பிவிட்டு எழுந்தபோது சொன்னாள்: "ஹோமத்துல பொண்ணு கையில அண்ணன்தான பொரி போடணும்? பெரியப்பா பையனக் கூப்புடலாம்னு அம்மா சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். நீ போடுறியா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதேம்மா."

"எங்கண்ணனுக்கு மட்டும் இன்னா தெரியும்? அவனா இருந்தா பாதிப் பொரிய அங்கியே தின்னுக்கினு இருப்பான்."

இருவரும் சிரித்தோம். அவள் முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

சரி என்று சொல்லிவிட்டேன்டா. முதலில் உன்னைத் தேடிவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொரி சிந்தாமல் அவள் கைக்குப் போய்ச் சேரும். நான் பொறுப்பு.