மச்சான் அடித்த வேகம்

மார்ச் 3
அசுர வேக ராக் வாசிக்கும் எங்கள் ஹார்ட்கோர் இசைக்குழுவுக்கு ஜூனில் இருபத்தைந்து வயது. முதல் ஆல்பம் முழுவதையும் பதிவான அதே வேகத்தில் வாசிப்போம் என்று பாடகர் ஊரெல்லாம் அறிவித்துவிட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 5
அந்த ஆல்பத்தைப் போட்டுக் கேட்டேன். இந்தக் கிதாரை நானா வாசித்தேன்? ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து அடி. கடைசி ஆல்பத்தில் நூற்று முப்பதுதான். ‘நிதானமாக அடிக்கும் குரூவ் மெட்டலுக்கு வளர்ந்துவிட்டார்கள்’ என்று வேகம் குறைந்தபோது பத்திரிகைகளில் எழுதினார்கள். நாங்களும் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினோம். உண்மையில் என்னதான் நடந்தது?

மார்ச் 6
எட்டு ஆல்பத்தையும் எண்ணியாயிற்று. முதல் இரண்டும் ஒரே வேகம். மூன்றாவதில் தடாலென்று இறங்குகிறது. டிரம்ஸ் அடிப்பது மச்சான், என் மனைவியின் அண்ணன். டிரம் பெடலை மிதித்து மிதித்துக் கால் முட்டி போயிருக்கிறது, சந்தேகமேயில்லை. மறைக்கிறான், அமுக்குணி. ஜூனில் மேடையில் திணறினால் மானம் போகும்.

மார்ச் 9
ஒத்திகை. அவன் முட்டியையே பார்த்ததில் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன். “என் கால்மேல ஏன்டா கண்ணு வைக்கிற?” என்றான்.

மார்ச் 10
அவன் முட்டியைப் பற்றி மனைவியிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே, “உங்க மணிக்கட்டு எந்த வருஷம் உடைஞ்சுது?” என்றாள்.
பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துத் தேதி பார்த்தேன். இரண்டாவது ஆல்பத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்.
இருபது வருஷமா? என் கைக்காகவா வேகத்தைக் குறைச்சான்? ஒரு வார்த்தை சொல்லலையே – நான் என்னடான்னா அவன் முட்டியை நோண்டிக்கிட்டு... வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 12
நேரிலேயே கேட்டேன். “மெதுவா அடிச்சாத்தான் கூட்டம் தலையாட்டுது. உன் கையைப் பத்தி யாரு பேசினா?” என்று குச்சியைத் துடைத்தான்.
“ஜூன்ல என்ன பண்றது?”
“நீ எவ்வளவு போறியோ, அவ்வளவு.”

ஏப்ரல் 20
தினமும் பயிற்சி. நூற்று எழுபது வரை கை வருகிறது. அதற்குமேல் விரல் மரத்துப்போகிறது.

ஜூன் 8
மேடை ஏறுமுன் சொன்னேன்: “முதல் பாட்டு மட்டும் எனக்காக நிக்காத. பழைய வேகத்துல போ.” என் கையைப் பார்த்தான். குச்சியை எடுத்துக்கொண்டு மேடை ஏறினான்.
இருபது விநாடி தாக்குப்பிடித்தேன். விரல் மரத்தது, கையை எடுத்துவிட்டேன். அவன் குறைக்கவில்லை. பேஸ் கிதார் வாசிப்பவர் என் இடத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில் என்ன அடி அடிக்கிறான், பாவி! கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாட்டு முடியும்வரை அவன் அடிப்பதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.